பல்பு மேடம்

வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு வண்டிகள் இருந்தன.

பின்னால் நின்ற கூரியர்காரர், பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து கழற்றி வந்த கண்ணாடிகளைத் தன் வண்டியில் அவசரமாகத் திருகிக்கொண்டிருந்தார். இடது கண்ணாடி வானத்தைப் பார்த்தது. வரிசையில் ஒரே ஹெல்மெட் அதற்குள் மூன்று தலை மாறிவிட்டது.

இருசக்கர வண்டிகளுக்கான வருடாந்திரச் சோதனை. பரிசோதகர் ஒரு பெண், ஐம்பதை நெருங்குபவர். ஹெல்மெட்டில் முத்திரை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஹார்ன் அடிக்கச் சொல்வார். பிரேக்கை மிதிக்கச் சொல்வார். கடைசியில் வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து, வெயில் படாமல் இரண்டு கைகளையும் குவித்து, நம்பர் பிளேட்டுக்கு மேலிருக்கும் நகமளவு விளக்கு எரிகிறதா என்று உற்றுப் பார்ப்பார்.

அங்கேதான் பாதி வண்டிகள் திரும்பிப் போகும்.

அதனால் எல்லோருக்கும் அவர் பல்பு மேடம்.

"இவங்ககிட்ட பல்பு வாங்காம வெளிய போனவன் எவன் இருக்கான் அண்ணே," என்றார் கூரியர்காரர்.

போன வருடம் நானும் வாங்கினேன். அரை நாள் விடுப்பு போயிற்று. யாருமே பார்க்காத ஒரு விளக்குக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்டேன். மேடம் கோபப்படவில்லை.

"முன்னாடி லைட்டு நீங்க பாக்குறதுக்கு. இது உங்களப் பாக்குறதுக்கு."

மனதுக்குள் திட்டிக்கொண்டே கடை தேடிப் போய், புது பல்பு போட்டு, கேட்டைச் சாத்தும் நேரத்தில் வந்து சான்றிதழ் வாங்கினேன்.

இப்போது என் முறை வந்தது. ஆறு மாதம் ஓட்டாமல் கிடந்த வண்டி. மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

அவர் குத்தவைத்தார். கைகளைக் குவித்தார். எரிகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி எழுந்தார்.

நன்றி என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். அந்த இடத்தில் அவர் கேட்டுப் பழகிய சொல் அல்ல அது. எதற்கு என்று கேட்டார்.

இதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். எதுவரைக்கும் சொல்வது என்பதைத்தான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், என்று ஆரம்பித்தேன். தெருவில் கரண்ட் இல்லை. சலவைக்கடையில் வேலை பார்க்கும் ஓர் அம்மா சாலையைக் கடந்தார். ஒரு பைக் இடித்துத் தள்ளியது. நிற்கவில்லை. எதிர்க்கடைத் தையல்காரர் வாசலில் நின்றிருந்தார், கையில் சாக்கட்டி, தோளில் வெட்டாத துணி. கொட்டும் மழையில் அவருக்கு வண்டி தெரியவில்லை. ஓட்டியவன் தெரியவில்லை. நம்பர் மட்டும் தெரிந்தது. இருட்டில் அது மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார். மறந்துவிடுமோ என்று பயந்து, தோளில் கிடந்த துணியிலேயே எழுதிக்கொண்டார்.

அந்த பல்பு எரிந்ததால்தான் மேடம், என்று முடித்தேன்.

பின்னால் திருகும் சத்தம் நின்றிருந்தது.

அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று மேடம் கேட்டார். இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கை. இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார். போன வாரம் வேலைக்குத் திரும்பிவிட்டார் என்றேன். சொந்தக்காரரா என்றார். இல்லை, அதற்கு முன்பு தெரியாது, இப்போது ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

நல்ல மனது உங்களுக்கு என்றார்.

அந்த வார்த்தை என்மேல் உட்காரவில்லை.

"ஓடிப்போனானே, அவன் கிடைச்சானா?"

"கிடைச்சான் மேடம். அன்னிக்கே."

அவர் தலையசைத்தார். குனிந்து அந்தச் சின்ன விளக்கை இன்னொரு முறை பார்த்தார். இத்தனை வருடம் குத்தவைத்து எழுந்த முழங்கால்களுக்கு யாரோ கூலி கொடுத்ததுபோல் அவர் முகம் இளகியிருந்தது.

பிறகு மேசையில் இருந்த குமாஸ்தாவுக்கு என் வண்டியின் எண்ணை உரக்கப் படித்தார். ஆறு. பூஜ்யம். இரண்டு. ஏழு.

அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"துணியில எழுதியிருந்ததும் இந்த நம்பர்தான் மேடம்."

குமாஸ்தாவின் பேனா நின்றது. மேடம் என்னையே பார்த்தார். நானும் பார்வையை விலக்கவில்லை. மாட்டிவிட்டதற்கா நன்றி என்று தணிந்த குரலில் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

அன்று வீட்டுக் கதவைத் தட்டிய காவலர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அந்த அம்மா உயிரோடு இருக்கிறார் என்றுதான் முதலில் சொன்னார்.

அதுவரை அரை மணி நேரம், நனைந்த சட்டையைக்கூடக் கழற்றாமல், நாற்காலியில் ஒரு கொலைகாரனாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த விளக்கு எரியாமல் போயிருந்தால் இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்.