யாரோ பார்க்கிறார்கள்

"சார், உங்க கம்ப்யூட்டருக்குள்ள யாரோ குடித்தனம் இருக்காங்க."

ரிப்பேர் செய்ய வந்த பெண் இப்படிச் சொன்னதும் பெரியவர் பதறுவார் என்று பார்த்தால், சிரித்தார்.

"வாடகை குடுக்காத ஆளாம்மா?"

"விளையாட்டு இல்ல சார். இது உளவு பார்க்கிற புரோகிராம். நீங்க என்ன படிக்கிறீங்க, என்ன டைப் அடிக்கிறீங்க, எல்லாத்தையும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை படம் பிடிச்சு யாருக்கோ அனுப்புது. கேமராவை அதுவே திறந்து உங்களையும் பார்க்குது. மைக் வழியா பேச்சையும் கேட்குது."

"எடுத்துட முடியுமா?"

"எடுக்கத்தானே வந்திருக்கேன். வீட்டுல வேற யாராவது இதைத் தொடுவாங்களா?"

கேட்டபிறகுதான் அது வீண் கேள்வி என்று அவளுக்கே தோன்றியது. அவள் வந்தபோது சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்த நான்கு நாற்காலிகளில் மூன்றின் மேல் பழைய செய்தித்தாள்கள். அதில் ஒன்றைக் காலி செய்துதான் அவளுக்கு உட்கார இடம் கொடுத்திருந்தார்.

"யாரும்மா இருக்கா? ஒரே பொண்ணு. வெளிநாட்டுல இருக்கா. போன வருஷம் லீவுக்கு வந்தப்போ இதை வாங்கி வச்சுட்டுப் போனா."

"அடிக்கடி பேசுவாங்களா?"

"வேலை ஜாஸ்தி அவளுக்கு. நாலு மாசம் ஆச்சு அவ குரலைக் கேட்டு." சொல்லிவிட்டு மேசை மேல் கிடந்த கைபேசியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

அவளுக்குப் பாவமாக இருந்தது. கேட்க நாதியில்லாத மனிதரை எவனோ ஒருவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நினைக்க, கோபமும் வந்தது.

"எந்த விலாசத்துக்குப் போகுதுன்னு தோண்டிப் பார்க்கட்டுமா சார்? ஆளைப் பிடிச்சுடலாம்."

"வேண்டாம்மா. எடுத்துட்டாப் போதும்."

ஒன்றரை மணி நேரம் ஆனது. வேரோடு பிடுங்கிப் போட்டாள். பாஸ்வேர்டுகளை மாற்றினாள். வைரஸ் தடுப்பைப் புதுப்பித்தாள். பிறகு, எல்லா வீட்டிலும் படிக்கிற பாட்டை இங்கேயும் படித்தாள்.

"தெரியாத லிங்க் எதையும் அமுக்காதீங்க. தெரிஞ்சவங்க பேர்ல வந்தாலும் அமுக்காதீங்க. போன் பண்ணி அமுக்கச் சொன்னாங்கன்னா, கண்டிப்பா அமுக்காதீங்க."

பெரியவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

"இருங்கம்மா, டீ போடுறேன்." சமையலறைக்குப் போகும்போதும் கைபேசியைக் கையோடு எடுத்துப் போனார். அடுப்பைப் பற்றவைப்பதற்குள் அது அடித்தது. காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே வெளியே வந்தார்.

"அப்பா! நல்லா இருக்கீங்களா? ஒண்ணும் ஆகலையே?"

"நல்லா இருக்கேன்மா. என்ன திடீர்னு?"

"சும்மாதான்ப்பா... கம்ப்யூட்டர்ல ஏதாவது பண்ணீங்களா?"

பையை மூடப்போன ரிப்பேர்காரியின் கை அப்படியே நின்றது. புரோகிராமை எடுத்தது இந்த அறையில் இருக்கும் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அப்புறம், இதுவரை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு.

பெரியவருக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. பேத்திக்குப் பல் விழுந்ததா, மகளுக்குக் கழுத்து வலி தேவலையா, மாப்பிள்ளை இன்னும் குறட்டை விடுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முதலில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்ன மகள், குறட்டைக்குச் சிரித்துவிட்டாள்.

"சரிப்பா, ஒரு லிங்க் அனுப்பியிருக்கேன். அதை அமுக்குங்க. எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்."

ரிப்பேர்காரி இரண்டு கையையும் ஆட்டி 'வேண்டாம், வேண்டாம்' என்றாள். பெரியவர் உதட்டில் விரல் வைத்து அவளை அடக்கினார்.

"கண்ணாடியைக் காணோமேம்மா. இரு, தேடுறேன்."

கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

"ஃப்ரிட்ஜ் மேல பாருங்கப்பா. அங்கதான் வச்சுட்டு வீடெல்லாம் தேடுவீங்க."

மனிதர் உண்மையாகவே ஃப்ரிட்ஜ் வரைக்கும் போனார். அலமாரிக்குப் போனார், கட்டிலுக்கு அடியில் குனிந்தார். அவர் தேடி முடிக்கும்வரை, மகள் தன் அலுவலகச் சண்டையை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முழுசாக இருபத்தைந்து நிமிடம். பிறகு அவர் வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து லிங்க்கை அமுக்கினார். கேமராவின் சின்ன விளக்கு எரிந்தது.

"வந்துடுச்சுப்பா. வச்சுடட்டுமா? மீட்டிங் இருக்கு."

அழைப்பு துண்டானது.

"சார்! என்ன காரியம் பண்ணீங்க..." என்று ஆரம்பித்தவளை அவர் கையைக் காட்டி நிறுத்தினார். வாசலுக்கு வெளியே கூட்டிவந்து, கதவைச் சாத்தினார்.

"அங்க பேசினா அதுக்குக் கேட்டுடும்" என்றார் மெதுவாக.

"அதே புரோகிராம் சார்! நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அதை வச்சது உங்க பொண்ணுதான்."

"தெரியும்மா. அது ஓடுற வரைக்கும் அவ என்னைப் பார்த்துக்கிட்டே இருப்பா. நின்னுபோனாத்தான் போன் பண்ணிப் பேசுவா. நாலு மாசம் முன்னாடியும் அப்படித்தான். அடுத்த மாசம் என்னிக்கு வந்து எடுக்குறீங்க?"