பழம் கொண்டுவந்தது யார்

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஓர் அணில். பல வருடங்களாக இதை நான் முழுதாக நம்பியதில்லை.

முட்டையிடும் காலத்தில் பெண் இருவாச்சிப் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்பூசி அடைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் இடுக்கு வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். அணில் வசித்த மரத்தில் ஒரு ஜோடி இருந்தது. அவர்களுக்கு அதுதான் முதல் முட்டை.

ஒருநாள் காலை பொந்துக்குள் புதிதாக ஒரு கீச்சுக்குரல் கேட்டது.

"அணிலு, கேட்டியா? நான் அப்பா ஆயிட்டேன்!" ஆண் இருவாச்சி கிளைக்குக் கிளை துள்ளியது. "ஏம்மா, பிள்ளை யார் மாதிரி இருக்கு?"

"கண்ணே திறக்கலைங்க. உடம்புல ஒரு இறகுகூட இல்ல."

"அப்படியே என்னை மாதிரி!"

அணில் விழுந்து விழுந்து சிரித்தது. "போய்ப் பழம் கொண்டுவாங்கண்ணே. உள்ளே ரெண்டு வயிறு காயுது."

"இதோ, ஒரு நிமிஷம்" என்று இருவாச்சி அலகின் நுனியை இடுக்கின் ஓரத்தில் நுழைத்தது. மெத்தென்று ஒரு குட்டி அலகு வந்து அதைக் கவ்விக்கொண்டது. அவ்வளவுதான். சாயங்காலம்வரை இருவாச்சி அசையவில்லை.

அதை நான் நம்புகிறேன். ஆனால் அன்று தாயும் பிள்ளையும் வயிறு நிறையச் சாப்பிட்டார்களாம். யார் ஊட்டியது?

"வேற யாரு? அண்ணன்தான்" என்று அணில் சாதிக்கும். "அத்திமரம் ரொம்ப தூரம். கவ்விக்கிட்டு வந்து வந்து பல்லெல்லாம் வலி, பாவம்."

போன வாரம்தான் கேட்டேன்:

"இருவாச்சிக்கு ஏது பல்?"