வெளியே போகும் கட்டம்

"அம்மா, நீங்க வெளிய போங்க," என்றாள் நர்ஸ் காவியா.

கெங்கம்மாள் போகவில்லை.

கட்டிலில் கிடந்தது ரப்பர் பொம்மைதான். வலிப்பு வந்து மூச்சு நின்றுபோன குழந்தை என்று அதற்குப் பேர். டாக்டர் அருண்ராஜ் அதை வேலூரிலிருந்து பெட்டியில் போட்டு இந்த மலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருந்தார். நிஜமாகவே ஒரு பிள்ளை அப்படி வந்தால் நர்சுகள் பதறக் கூடாது, அதற்காக இந்த ஒத்திகை.

தாயாக நடிக்க வேண்டிய நர்ஸ் ஆலங்காயத்தில் பஸ்ஸைக் கோட்டை விட்டுவிட்டாள். அதனால் வார்டு கூட்டிக்கொண்டிருந்த கெங்கம்மாளைப் பிடித்து நிறுத்தினார்கள். பொம்மையைத் தூக்கிக்கொண்டு அழுதபடி ஓடிவர வேண்டும், சொன்னதும் வெளியே போய்விட வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை.

அழுகையெல்லாம் பிரமாதமாக வந்தது. வெளியே போகும் கட்டத்தில்தான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

மறுபடி முதலிலிருந்து செய்தார்கள். மறுபடியும் அதே இடத்தில் நின்றாள். நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

டாக்டருக்கு முகம் சுண்டிவிட்டது. "பெத்தவங்க பக்கத்துல நின்னா நர்சுக்குக் கை ஓடாதும்மா. சொன்னதைச் செய்யுங்க."

அவளுடையது கான்ட்ராக்ட் வேலை. டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு அந்தத் துடைப்பம் வேறொருத்தி கைக்குப் போய்விடும். அது தெரியாதவள் இல்லை.

"நான் யாரு கையையும் புடிக்கலீங்க. கால்மாட்டுல ஓரமா நிக்கிறேன். வெளிய மட்டும் போவ மாட்டேன்."

மூன்றாம் தடவை தொடங்கியது. காவியா பொம்மையின் வாயில் மாஸ்க்கை வைத்துக் காற்றுப் பையை அமுக்கினாள். 'வெளிய போங்க' என்று சொல்ல வேண்டிய இடம் வந்தபோது அவள் அதைச் சொல்லவில்லை. கெங்கம்மாளைப் பார்க்கவும் இல்லை.

சிரிப்புச் சத்தம் அடங்கிவிட்டது.

டாக்டர் பொல்லாதவர் அல்ல. ஏதோ புரிந்த மாதிரி இருந்தது அவருக்கு. பக்கத்தில் வந்து, குரலைத் தணித்துக் கேட்டார்.

"முன்னாடி உங்களை இப்படி வெளிய அனுப்பிட்டாங்களாம்மா? நீங்க வெளிய நிக்கும்போது புள்ள போயிடுச்சா?"

"அனுப்பத்தான் பாத்தாங்க," என்றாள் கெங்கம்மாள். "அன்னிக்கும் நான் போவலீங்க."

போன ஆடி மாதம், இதே கட்டில். காவியா ஒரு தோளையும் வாட்ச்மேன் ஒரு தோளையும் பிடித்து இழுத்தும் அவளை அசைக்க முடியவில்லை. மகள் பூவிழி பிழைக்கவில்லை. ஆனால் கடைசி மூச்சுவரைக்கும் அந்தப் பிஞ்சுக் கால் அம்மாவின் கைக்குள்தான் இருந்தது.