ஞானதாசன் சொன்ன லா

“லா,” என்றார் ஞானதாசன்.

மனைவி நேசபாய் அவரை அப்போதுதான் கட்டிலில் தூக்கி இருத்தியிருந்தாள். முதுகுக்குத் தலையணையை முட்டுக் கொடுத்துவிட்டு, கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து ஊதத் தொடங்கியவள் அப்படியே நின்றாள்.

“வேண்டாம்னு சொல்லுகாரு மைனி,” என்றார் சத்தியநேசன். ஞானதாசனுக்குத் தம்பி. சவுதியில் லாரி ஓட்டித் தலை நரைத்துத் திரும்பியவர். “அரபியில லான்னா இல்ல, வேண்டாம்.”

“களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் போகாத மனுசன். எந்தப் பள்ளிக்கூடத்துல போய் அரபி படிச்சாரு?”

சத்தியநேசன் போனைப் பார்க்கப் போய்விட்டார்.

வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த நாளில் ஞானதாசனின் பேச்சு மொத்தமும் போனது. அண்மையில்தான் இந்த ஒன்று மட்டும் திரும்பி வந்திருக்கிறது. வந்தது அவள் பெயராக இருந்திருக்கலாம். கர்த்தாவே என்று இருந்திருக்கலாம். தண்ணீர் என்றாவது வந்திருக்கலாம். லா!

மும்பையில் இருக்கும் மருமகன் பெனிஷ் போனில் கேட்டுவிட்டுத் துள்ளினான். “மாமி, ஹிந்தியில லான்னா கொண்டு வா. மாமா கஞ்சி கேக்குறாரு, சீக்கிரம் குடுங்க!”

மலேசியாவில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பிரிஜா சொன்னது வேறு. அங்கே எல்லாப் பேச்சுக்கும் கடைசியில் ஒரு லா உண்டாம். சும்மா அழகுக்காம். அர்த்தம் தேட வேண்டாமாம்.

ஆக, ஒரே வாய். ஒருத்தர் கணக்கில் வேண்டாம், கொண்டு போ; இன்னொருத்தர் கணக்கில் கொண்டு வா, மூன்றாமவருக்கு ஒன்றுமே இல்லை. கிண்ணத்தோடு நடுவில் நிற்பது மட்டும் நேசபாய்.

அவளும் முயன்று பார்க்காததில்லை. ரேடியோவைக் காட்டினாள். வேதப்புத்தகத்தைக் காட்டினாள். மூத்திரச் சட்டியைக் காட்டினாள். அப்போதெல்லாம் அவர் வாயே திறக்கவில்லை. மாத்திரைக்காகத் தூக்கி நிமிர்த்தினால் லா. சட்டை மாற்றத் தூக்கினால் லா.

ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள், கால் பாரம் தாங்கத் தொடங்கினால் நடந்துவிடுவார் என்று. தாங்குகிறதா என்று பார்க்கப் பிடியை விடவேண்டும். ஆளோ வெட்டிப்போட்ட ரப்பர் மரத் தடி மாதிரி கனம். விழுந்தால் யார் தூக்குவது? அவள் விடவில்லை.

இன்று சத்தியநேசன் வந்தது கஞ்சி கொடுப்பதைப் பார்க்க அல்ல. நாகர்கோவில் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கட்டிலுக்குச் சொல்லி வைத்திருந்தார். வாசலில் ஆட்டோ நின்றது.

“கால் மட்டும் போச்சுன்னா வீட்டுலயே வச்சுப் பாக்கலாம் மைனி. புத்தியும்லா போச்சு. ஒத்தைக்கு எவ்வளவு நாளு தூக்குவீங்க? நாளைக்கு நீங்களும் விழுந்தா?”

நேசபாய் இடுப்பு வலிக்குக் கட்டியிருந்த பெல்ட்டை இழுத்து இறுக்கினாள்.

கஞ்சியை வைத்துவிட்டு, கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டினாள். பொத்தான்களை ஏறுமாறாகப் போட்டு, பிறகு கழற்றிச் சரியாகப் போட்டாள். நாற்காலிக்கு மாற்றுவதற்காக அவர் கால்களைத் தரையில் ஊன்ற வைத்தாள். கக்கத்தில் இரண்டு கையையும் கொடுத்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினாள்.

காதுக்குள்ளேயே விழுந்தது.

“லா.”

“என்ன எளவெடுத்த லா!” நேசபாய் கத்திவிட்டாள். “கொண்டு வரணுமா, கொண்டு போணுமா? ஒங்களைக் கொண்டு போகத்தான் ஆட்டோ வந்து நிக்கி! இப்பமாவது ஒரு பேச்சு ஒழுங்கா பேசப்பிடாதா?”

“லா.”

அவள் முகத்தைப் பின்னுக்கு இழுத்து அவரைப் பார்த்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்வை நேரே சுவரில் இருந்தது. பல்லைக் கடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்து விறைத்து நின்றது.

அந்தக் கழுத்தை அவளுக்குத் தெரியும். அது அவளுடைய கழுத்து.

குலசேகரம் சரிவில் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கும் காலத்தில், சாக்கை அவள் தலைக்குத் தூக்கி விடுவது அவர்தான். மற்ற ஆம்பிளைகள் தூக்கி வைத்த வேகத்தில் கையை எடுத்துவிடுவார்கள். கழுத்து ஒடிந்ததா என்று திரும்பியும் பார்க்க மாட்டார்கள். ஞானதாசன் எடுக்க மாட்டார். சும்மாட்டில் சாக்கு அமர்கிறவரை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்று, “இருந்துட்டுல்லா?” என்று, பாரம் அமர்ந்துவிட்டதல்லவா என்று, கேட்பார். பாரத்துக்கு அடியில் பல்லைக் கடித்து நிற்கிறவளுக்கு முழுப் பேச்சு எங்கே வரும்? அந்தச் சொல்லின் வால் மட்டும்தான் வரும். அது வந்த பிறகுதான் அவர் கையை எடுப்பார்.

நேசபாய் தன் கைகளைக் கவனித்தாள். அவற்றில் கனமே இல்லை.

“மைனி, விழப் போறாரு!” சத்தியநேசன் போனைப் போட்டுவிட்டுப் பிடிக்க ஓடிவந்தார்.

“தொடாதீங்க.”

இடது கையை மெல்ல உருவினாள். வெள்ளைச் சட்டை லேசாக ஆடியது. நின்றது.

வலது கையை எடுப்பதற்கு முன்னால், கேட்கவேண்டிய முறைக்கு அவள் கேட்டாள்.

“இருந்துட்டுல்லா?”

எத்தனை தடவைதான் சொல்வது என்கிற எரிச்சலோடு, ஞானதாசன் பதில் சொன்னார்.