சாமிக்கு இல்லாத மொட்டை

"பழனிக்குப் போறதுன்னா என்கிட்ட ஒரு வார்த்தை—"

"பழனிக்கு யாரு போனா? முக்குச் சலூன்லதான்—"

"—ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா மாமா? என்னது, சலூன்லயா? சாமிக்கு இல்லாம எதுக்குங்க மொட்டை? மீசையையுமா எடுத்துட்டீங்க!"

"நீ மொதல்ல மூச்சை விட்டுட்டுப் பேசு."

கோகிலாமணி சன்னலுக்கு உள்ளே.

அவள் புருஷன் திருமூர்த்தி வெளியே, தூறலில், உரித்த பனங்கொட்டை மாதிரி.

வீட்டுக்குப் பின்னால் காளான் குடில். அவள் போட்டதுதான். முதல் சிப்பிக்காளான் பையைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்த அன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்தவரை எச்சில் கையோடு இழுத்துப்போய்க் காட்டினாள்.

பிறகுதான் அவளுக்கு மூச்சிழுப்பு. வாயில் அடிக்கிற எந்தப் பம்புக்கும் அடங்காத இழுப்பு. ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி.

எது ஒவ்வாதென்று டாக்டர் அவள் கையில் வரிசையாகக் குத்திப் பார்த்தார். தூசிக்கு ஒன்றுமில்லை. பூனைமுடிக்கு ஒன்றுமில்லை. பூஞ்சைக்குக் குத்தின இடம் மட்டும் புளியங்கொட்டையாய்த் தடித்தது.

"காளானும் பூஞ்சைதானேம்மா. அதுல இருந்து பறக்கற தூள் உங்க மூச்சுல படவே கூடாது."

குடிலை மூடிவிடலாம் என்றார் திருமூர்த்தி.

மூடினால் உங்களோடு பேச்சே இல்லை என்றாள் அவள்.

குடில் அவர் கைக்குப் போனது. குளித்து, வேட்டி மாற்றித்தான் வந்து படுத்தார். அப்படியும் அவளுக்கு இழுத்தது. மறுநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனவர்தான்.

ஒரு மழைக்காலம் போய் அடுத்ததும் வந்துவிட்டது.

சோறு சன்னல் வழியாக. சண்டையும் சன்னல் வழியாக.

"எத்தனை குளிச்சாலும் அந்தத் தூளு மயித்துல ஒட்டிக்கிட்டு வருதோ என்னமோன்னு..." அவர் தலையைத் தடவிக்கொண்டார். "இனி ஒட்டறதுக்கு எடமில்லை பாரு."

அவள் அப்போதுதான் சரியாகப் பார்த்தாள்.

காதோரம் கத்தி பட்ட கீறல். மேல் உதடு, அவள் பார்த்தே இராத வெளுப்பில்.

அவர் குனிந்து சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தார். ஒரு சாண் தூரம்கூட இல்லை.

அவள் இடுப்பிலிருந்த பம்பை எடுத்துக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

"ஒருக்கா மோந்து பாரு, அம்மிணி. ஒண்ணும் ஆகலையின்னா உள்ள வந்துர்றேன்."