வேலியோரச் சோளம்

"விஷத்தை விதைச்சுட்டு, நல்லவன் மாதிரி பின்வரிசையில உக்காந்திருக்கான் பாருங்க!"

ஆர்விட் எழுந்து நின்று கை நீட்டிய இடத்தில் லைல் உட்கார்ந்திருந்தார்.

ஒரே வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருபது வருடமாய் விவசாயம் பார்ப்பவர்கள். லைல் போடுவது மரபணு மாற்றிய மக்காச்சோளம். ஆர்விட் போடுவது ரசாயனம் தொடாத இயற்கை மக்காச்சோளம்.

மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில், பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். மரபணு மாற்றிய பயிர் உடம்புக்குக் கெடுதலா, இல்லையா?

கெடுதல்தான் என்று ஒரு அம்மாள் காகிதக் கட்டு ஒன்றை உயர்த்திக் காட்டினார். இல்லவே இல்லை என்று பல்கலைக்கழகத்துக்காரர் அதைவிடப் பெரிய கட்டை உயர்த்திக் காட்டினார். இரண்டு பேருமே டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். பாதிக் குழப்பத்தோடு வந்த ஜனங்கள் முழுக் குழப்பத்தோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆர்விட்டுக்கு மட்டும் குழப்பமே இல்லை. மனைவி இங்க்ரிட் வயிற்று நோயில் மெலிந்து மெலிந்து போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. எதனால் வந்தது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவரே முடிவு கட்டிக்கொண்டார். அவளை அடக்கம் செய்த அன்று லைல் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தவர், இன்றுவரை அந்தப் பக்கம் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"என் பொண்டாட்டியைக் கொன்னது உன் சோளம்தான்டா!"

லைல் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"வாயைத் திறக்க மாட்டான். விதைக்கவே சோம்பல் படறவனாச்சே! ஊரே மே மாசம் விதைச்சு முடிச்சாலும், என் வேலியோரம் மட்டும் ஜூன்லதான் இவனுக்குப் பொழுது விடியும். இந்த வருஷம் மணி முத்தறதுக்கு முன்னாடியே உறைபனி விழுந்து அத்தனையும் போச்சு. எனக்குச் சந்தோஷம்தான்!"

சிலர் சிரித்தார்கள். லைலும் லேசாகச் சிரித்தார்.

"குளிர் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுச்சு, ஆர்விட். அவ்வளவுதான்."

அடுத்த வாரம் ஆர்விட் தன் சோள லோடோடு மாவு ஆலைக்குப் போனார்.

அங்கே ஒரு சோதனை உண்டு. ஒரு பிடி சோளத்தைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி, அதில் ஒரு காகிதப் பட்டையை நிறுத்துவார்கள். ஒரு கோடு தெரிந்தால் சுத்தம். இரண்டு கோடு தெரிந்தால் மரபணு மாற்றிய சோளம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். லோடு திரும்பிவிடும். அடுத்த வருடம் ஆலை கூப்பிடாது.

அவர் சோளத்தில் அரைத்த மாவுப் பைகளில் 'இங்க்ரிட் நிலம்' என்று அச்சடித்திருக்கும். எழுபத்து மூன்று வயதிலும் முட்டி வலியோடு அவர் டிராக்டரில் ஏறுவது அந்த ஒரு பெயருக்காகத்தான்.

பட்டை நனைந்தது. சோதனை செய்யும் ரோண்டா குனிந்து பார்த்தாள். ஆர்விட் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு கோடுதான். சுத்தம்."

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

"பின்னே? நான் வரிசையா மரம் நட்டு வெச்ச வேலி அப்படி. ஒரு தூசியை உள்ள விடாது."

"மரவேலி வெச்ச மூணு பேரோட லோடு இந்த வாரம் திரும்பிப் போச்சு. காத்தடிச்சா பக்கத்து வயல் மகரந்தம் மரத்துக்கு மேலயே பறந்து வந்து உங்க கதிர்ல கலந்துடும். அதான் நீங்க கொஞ்ச நாள் தள்ளி விதைங்க, ரெண்டும் ஒரே சமயத்துல பூக்க வேணாம்னு வருஷா வருஷம் கெஞ்சறோம்."

"இங்க்ரிட் இருந்தப்ப மே முதல் வாரம். இப்பவும் மே முதல் வாரம். கண்டவனுக்காக நான் எதுக்கும்மா தள்ளிப் போடணும்?"

ரோண்டா பேனாவைக் கீழே வைத்தாள்.

"போன வாரம் அந்த ஹால்ல நானும் இருந்தேன், ஆர்விட். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவர் கேட்டுக்கிட்டார். ஆனா இதுக்கு மேல என்னால வாயை மூடிட்டு இருக்க முடியலே."

"எவர்?"

"லைல். நீங்க விதைச்சு முடிச்ச மறுநாளே எனக்குப் போன் வந்துடும். 'ஆர்விட் முடிச்சுட்டார், நான் எத்தனை நாள் பொறுக்கணும்?'னு கேப்பார். இருபத்தஞ்சு நாள்னு சொல்லுவேன். உங்க கதிர்ல மணி பிடிச்சதுக்கு அப்புறம்தான் அவரோடது பூக்கும். ஆறு வருஷமா வேலியோரம் இப்படித்தான் விதைக்கிறார்."

ஆர்விட் நனைந்த பட்டையை எடுத்துப் பார்த்தார்.

"இந்த வருஷம்தான் அத்தனையும் போச்சே..."

"போச்சு. நேத்து வந்து, அடுத்த வருஷமும் அதே இருபத்தஞ்சு நாள்தானான்னு கேட்டுட்டுப் போனார்."

"நான் அவ்வளவு பேசினதுக்கு அப்புறமா?"

"அப்புறம்தான்."

ஆனாலும் ஆர்விட் விடவில்லை.

"தன் சோளத்துல ஒரு கெடுதலும் இல்லைன்னு அடிச்சுச் சொல்றவனாச்சே அவன்! அப்புறம் எதுக்காம் இதெல்லாம்?"

"நானும் அதையேதான் கேட்டேன்" என்றாள் ரோண்டா. "'இல்லைன்னு நான் நம்பறேன். இருக்குன்னு அவர் நம்பறார். வேலி ரெண்டு பேருக்கும் பொதுதானே?'ன்னார்."