ஆறு உரித்த கிணறு

கொல்லைக் கிணறு ஆற்றுக்குள் கோபுரம்போல் நின்றுகொண்டிருந்தது. ஐப்பசி வெள்ளம் கரையை அரித்துக்கொண்டு போனதில் சுற்றியிருந்த மண்ணெல்லாம் கரைந்து, சுட்ட மண் உறைகள் பன்னிரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே தெரிந்தன. தைலாம்பாள் நாத்தனாரோடு மேட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், குழம்பில் உப்பில்லை என்று தட்டை விசிறியடித்த புருஷனைப் பார்த்து, "போய்க் கிணத்துல விழு" என்று சொல்லிவிட்டாள். அவர் எழுந்து போனார். அன்றைக்கே இதே ஆறு கரைபுரண்டு வந்து, வாய்வரை மணலைக் கொட்டிக் கிணற்றைத் தூர்த்துவிட்டது. அவர் திரும்பவேயில்லை. தோண்டிப் பார்க்க அவள் யாரையும் விடவில்லை. தாலியைக் கழற்றவுமில்லை. ஒருவேளை செத்திருந்தால் ஏசக் கூடாதே என்று அவரைப் பற்றி ஒரு வார்த்தை வாய்திறந்ததுமில்லை.

வெயில் ஏறியதும் அடி உறையில் விரிசல் ஓடியது. கிணறு ஒரு பக்கமாகச் சாய்ந்து மொத்தமாக விழ, உள்ளேயிருந்த மணல் பொலபொலவென்று பரவியது. நாத்தனார் ஓடிப்போய் இரண்டு கையாலும் துழாவினாள். ஒரு தகர வாளி கிடைத்தது, அதில் கட்டிய கயிறும். அடிவரை அளைந்தும் வேறொன்றுமில்லை.

"அண்ணி, அண்ணன் இதுல இல்ல!"

தைலாம்பாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று, அக்கரைக்கே கேட்கும்படி, வாய் நிறையத் தொடங்கினாள்:

"அட ஓடுகாலி மனுஷா! உப்பில்லாட்டி கேட்டு வாங்கித் தின்னா என்ன?"